உர்ஷ்காவுக்கு வயிறு சரியில்லை

— கதவை அப்படித் தட்டாதடி. வயித்தால போற பொண்ணு, நிம்மதியா உட்காரட்டும்.

— உட்காரட்டும்மா, நல்லா உட்காரட்டும்! ஒன்பது மணிக்குப் பனிச்சறுக்குப் பந்தயம். அப்பா இருட்டோட மலைக்குப் போய் பனியில கம்பம் நட்டுக்கிட்டு இருக்கார். இங்க ஸ்லோவேனியாவுல இருந்து லெபனானுக்கு விமானத்துல வரவழைச்சவ நம்ம வீட்டுக் குளியலறையில குடித்தனம் பண்றா. உர்ஷ்கா! இப்ப எப்படி இருக்கு?

— கொஞ்சம் மோசம், மிர்னா. என்னை மன்னித்துவிடு.

— பூட்ஸை மாட்டிக்கிட்டு நிக்க முடியுமா? அதை மட்டும் சொல்லு.

— தெரியவில்லை.

— தெரியலையாம். கேட்டியாம்மா? எல்லாம் உன்னாலதான். ராத்திரி அவ முன்னாடி என்ன வச்ச? பச்சைக் கறியை இடிச்சு கிப்பே பண்ணி, தட்டு நிறையக் குவிச்சு, மேல எண்ணெயை ஊத்தி, சாப்பிடு சாப்பிடுன்னு ஒரே பாட்டு. போதும்னு கையால தட்டை மூடினா. கையை விலக்கிட்டு இன்னொரு உருண்டை வச்ச!

— விருந்தாளி தட்டு காலியா இருந்தா நான் முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது, என்னைப் புதைக்கப்போற மகளே?

— புதைக்கப்போற மகளேன்னு இப்பக் கொஞ்சாத. எனக்கு வர்ற கோபத்துக்கு நெஜமாவே குழி தோண்டிடுவேன்.

— கோபப்படு. வயித்துல ஏதாவது போட்டுக்கிட்டுக் கோபப்படு. ஜாத்தர் பொடி தடவி ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்.

— எனக்கு ரொட்டி வேண்டாம்! இவ மலையில நிக்கணும்!

— அவ நிக்காட்டி என்ன? நீ ஓடு. இன்னிக்கு நீதான் முதல்ல வருவ.

— அம்மா, இதை உனக்கு எத்தனை தடவை சொல்றது? முதல்ல வந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒலிம்பிக்ஸுக்குப் போகணும்னா அஞ்சு பந்தயத்துல நல்ல புள்ளி வேணும். புள்ளி குறையக் குறையத்தான் நல்லது. நாலு கையில இருக்கு, இன்னும் ஒண்ணு வேணும். கூட யாரு ஓடறாங்கறதை வச்சுத்தான் அந்தப் புள்ளியே. பேர் எடுத்தவ ஒருத்தி ஓடி, கடைசிக் கோடு வரைக்கும் வந்தாத்தான் எங்களையும் ஆளா மதிப்பாங்க. அவ இல்லாம நான் ஜெயிச்சா, கல்யாண வீட்டுல சின்னப் பசங்களோட ஓடிப்பிடிச்சு ஜெயிச்ச மாதிரி.

— ஈரான்ல இருந்து பொண்ணுங்க வந்திருக்காங்களே. கிரேக்கக்காரி வேற.

— எல்லாரும் என்னை மாதிரிதான்மா. கடன் கேக்கப் போன வீட்டுல எல்லாருமே கடன்காரங்க.

— அப்ப அடுத்த பந்தயத்துல பார்த்துக்கலாம்.

— எந்த அடுத்தது? டிசம்பர்ல பனி விழலைன்னு ஒண்ணு போச்சு. போன வாரம் டீசல் இல்லாம மலைக்கு ஏத்துற லிஃப்ட் பாதியில நின்னு இன்னொண்ணு போச்சு. நான் அந்தரத்துல தொங்கிக்கிட்டே மொத்தப் பந்தயமும் கலைஞ்சு போறதைப் பார்த்தேன். இதுதான் கடைசி. நாளையோட கணக்கை மூடிடுவாங்க. அப்புறம் நாலு வருஷம். அதுவரைக்கும் என் முட்டி இருக்குமா?

— ஆஸ்திரியாக்காரிகளுக்கு இந்தத் தொல்லை எல்லாம் இல்ல போல.

— அவங்களுக்கு வேற தொல்லை. அங்க தெருவுக்குப் பத்துப் பேர் வேகமா ஓடறாங்க, நாட்டுக்கு நாலே இடம். இங்க எனக்கு ஒரு இடம் சும்மா கிடக்கு, போய் உட்கார வழியில்ல. நான் மருந்துக்கடை ஹன்னாவைக் கூப்பிடறேன். ஏதாவது மாத்திரை கொடுப்பார்.

— வேண்டாம், வேண்டாம். காலங்காத்தால அவரை எதுக்கு எழுப்பணும்? தானா சரியாயிடும். கறி கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது போல.

— என்ன சொன்ன?

— கறி. நேத்து வாங்கினது அவ்வளவு நல்லா இல்ல. என் தப்புதான்.

— உன் கிப்பேயில தப்பா?

— மனுஷிதானே. தப்பு நடக்காதா?

— அம்மா, நீ கிப்பேக்குப் பேர்போன ஸ்கார்த்தா ஊர்க்காரி. உன் கிப்பேயில உப்பு தூக்கல்னு வார்தே அத்தை சொன்னாங்கன்னு எங்க பெரியப்பா சாவுக்குக்கூட அவங்ககிட்ட நீ முகம் கொடுக்கல. பிஷப் வந்து சமாதானம் பேசினார். அவரையும் உட்கார வச்சு ஊட்டி அனுப்பின. இன்னிக்கு நான் கேக்காமலே கறி கெட்டதுன்னு ஒத்துக்கறியா?

— வயசாயிடுச்சு.

— ராத்திரி அதே தட்டுல நானும் சாப்பிட்டேன். அப்பா எல்லாரையும் விட அதிகமா சாப்பிட்டார். எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவ உள்ள போய் எவ்வளவு நேரமாச்சு, தண்ணி விழற சத்தம் மட்டும்தான் கேக்குது. உர்ஷ்கா, குழாயை மூடு.

— ஏன்?

— மூடேன்.

— மூடிவிட்டேன்.

— இப்ப உண்மையைச் சொல்லு. உனக்கு வயிறு வலிக்குதா?

— மிர்னா, உன் அம்மாவிடம் கேள்.

— அம்மா!

— அவளைத் திட்டாதடி. நான்தான் சொன்னேன்.

— என்ன சொன்ன?

— நீ தூங்கினப்புறம், பாத்திரம் கழுவும்போது. காலையில உடம்பு சரியில்லைன்னு சொல்லிடும்மான்னு கேட்டேன்.

— எந்த பாஷையில கேட்ட? கன்னியாஸ்திரிங்க கிட்டப் படிச்ச பிரெஞ்சு எல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லுவியே!

— வேணும்னா வருது.

— உர்ஷ்கா, இவங்க சொன்னா நீ கேட்டுடுவியா? நீ உலகக் கோப்பையில ஓடினவ!

— நான் முடியாது என்றுதான் சொன்னேன். அப்போது ஆன்ட்டி, என் வீட்டு ரொட்டியும் உப்பும் சாப்பிட்டிருக்கிறாய், நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் என்றார்கள். எங்கள் ஊரிலும் விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும்தான் முதலில் கொடுப்போம். அதற்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. அழுதார்கள், மிர்னா.

— அழுதியா? என்னோட அஞ்சு வருஷத்தைக் குழாய்த் தண்ணியில விட்டுட்டு அழுதியா? டாக்ஸி ஓட்டி, பனி இல்லாத வருஷம் புல்லுல சக்கரம் கட்டி ஓடி, முட்டியைத் தைச்சு... இந்த வீட்டுல எனக்கு எதிரி வேற யாருமே வேண்டாம்மா!

— பூத்ரோஸ் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு சிட்னிக்குப் போனான். இப்ப அவன் பிள்ளைங்க போன்ல என்னை இங்கிலீஷ்ல கூப்பிடுதுங்க. ஜிஸெல் படிப்பு முடிஞ்சதும் வந்துடறேன்னு மொன்றியால் போனா. ஆளைக் காணோம், காசுதான் வருது. நீ ஒலிம்பிக்ஸ் போனா பிரான்ஸ்ல, கிரெனோபிள்ல ஒரு கிளப் சேர்த்துக்கும்னு போன்ல யாரோடயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசினியே. எனக்குக் காது கேக்கும்டி. மூணு பெத்தேன். மூணு பேரையும் என்னைப் புதைக்கணும்னு கொஞ்சித்தான் வளர்த்தேன். யாரு இருக்கா மண்ணு போட?

— கிரெனோபிள் இன்னும் நிச்சயமே ஆகலம்மா.

— நிச்சயமாகும். நீ போட்டின்னு இறங்கினா விடமாட்ட. அது எனக்குத் தெரியாதா?

— அப்ப என்ன, நான் இங்கயே டாக்ஸி ஓட்டிக்கிட்டு, பெட்ரோலுக்கு வரிசையில நின்னுக்கிட்டு, உனக்குக் குழி வெட்டறதுக்காக உட்கார்ந்திருக்கணுமா?

— ரொட்டி ஆறிப்போகுது, எடுத்துக்கோ.

— உர்ஷ்கா, வெளிய வா. வேண்டாம்னா வேண்டாம். நான் தனியாப் போறேன். ஒண்ணுக்கும் ஆகாத பந்தயம், அதுலயாவது ஓடிட்டு வரேன். வாசல்ல வச்ச என் பூட்ஸ் எங்க? உன்னோடதையும் காணோம். அம்மா! பூட்ஸையும் ஒளிச்சு வச்சிட்டியா?

— தேடிப் பாரு.

— விளையாடாத! எங்க வச்ச? கொட்டில்லயா? அடகுக்கடையிலயா? இவ்வளவு தூரம் வந்தவ அதையும் செஞ்சிருப்ப!

— மிர்னா, கத்தாதே. சமையலறைக்கு வா. இங்கே இருக்கிறது.

— எது?

— நம் பூட்ஸ். இரண்டு ஜோடியும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே காகிதம் அடைத்திருக்கிறது. தொட்டுப் பார், உள் பஞ்சு வரை சூடு. ஒரே பக்கம் வைத்தால் இப்படிக் காயாது. யாரோ திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

— அம்மா... நீ தூங்கவே இல்லையா?

— தூக்கம் வரல.

— போகக்கூடாதுன்னு அவளைக் குளியலறையில உட்கார வச்சிட்டு, இதை எதுக்கு விடிய விடியக் காய வச்ச?

— ஈரக் காலோட என் பிள்ளைங்க யாரையும் நான் இந்த வீட்டை விட்டு அனுப்பினதில்ல. மணியாச்சு, ரெண்டு பேரும் சூடு ஆறுறதுக்குள்ள மாட்டுங்க.