வாய்மூடிக் கருப்பர்

வடகம் காயப்போட நல்ல இடம் கிடைப்பது காரைக்குடியில் இப்போது குதிரைக்கொம்பாகிவிட்டது. மொட்டைமாடியில் எல்லாம் சோலார் பலகையும் செல்போன் கோபுரமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் அன்னக்கிளி ஜப்பான் தோட்டத்துச் சரளைக்கல் மேல் வேட்டியை விரித்து வடகம் பிழிந்துவைத்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். வெயில் விழுகிற இடம், யாரும் மிதிக்காத இடம். தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர்தான். அவருக்கு அது சும்மா கிடக்கிற களமாகத்தான் தெரியும்.

தோட்டத்துக்காரர் சிவபிரகாஷ்தான் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஜப்பானில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செக்காலை ரோட்டில் அவர்கள் குடும்பத்து அரிசி ஆலை இருந்த இடத்தில், அந்த நாட்டு முறைப்படி ஒரு தோட்டம் போட்டார். ஒரு குளம், வளைந்த மரப்பாலம், பச்சைப் பாசி, சீப்பால் வாரியதுபோலக் கோடு இழுத்த வெள்ளைச் சரளை, அதன் நடுவே ஆள் உயரத்தில் ஒரு கல். யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், போகலாம். பேசாமல் இருந்தால் போதும் என்று வாசலில் பலகை வைத்திருந்தார். நல்ல மனிதர். இதை நான் மறைக்க வேண்டியதில்லை.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். வீரபாண்டியன் சவுண்ட் சர்வீஸ் என்றால் குன்றக்குடி வரைக்கும் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மரத்துக்கு மரம் குழாய் கட்டியவன். அதற்குக் கூலியாகக் காதில் ஒரு இரைச்சல் வந்து சேர்ந்தது. மைக் கீச்சிடுமே, அதே சத்தம், தூக்கத்திலும் நிற்காது. தொழிலைவிட்ட பிறகும் நிற்கவில்லை. மதுரை டாக்டர் இனி அதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஜப்பான் தோட்டத்தில் முதல் நாள் போய் உட்கார்ந்தபோது அது நின்றது. வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனாலும் உள்ளே நின்றது. அன்று நான் அழுதேன். பிறகு தினமும் போனேன். வேறு போக்கிடம் எனக்கு இல்லை, இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பலகையை யார் படிக்கிறார்கள்? முறுக்குப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் கல்லில் சாய்ந்து படம் பிடித்தார்கள். முத்துக்கண்ணன் என்று மனை வாங்கி விற்கிற தரகர் ஒருவர், கல்லின் மேல் ஒரு காலைத் தூக்கி ஊன்றிக்கொண்டு ஸ்பீக்கரில் பேசுவார். "இங்குட்டு ஒரே அமைதியா இருக்கு, நீங்க சத்தமாவே சொல்லுங்க" என்பார். இரைச்சல் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

நான் சண்டைக்காரன் இல்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் சிவப்புத் துணியும் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது அந்தக் கல்லுக்குப் பொட்டு வைத்துத் துணியைக் கட்டிவிட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நம் ஆட்கள் சாமி மேல் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் என் கணக்கு. மறுநாள் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அன்னக்கிளி சரளையில் இருந்த கோடுகளை அழித்து அழகான கோலம் போட்டிருந்தார். சிவபிரகாஷ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. சாமி என்றால் மணி கட்டுவார்கள், குலவை போடுவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. முன்பைவிடச் சத்தம் கூடிப்போனது.

அப்போதுதான் முத்துக்கண்ணன், காலை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாலையோடு வந்தார். மன்னிப்புக் கேட்கும்போதே போன் வந்தது. பேசிக்கொண்டே திரும்பியவர் பாசியில் வழுக்கி, குளத்தங்கரைப் படியில் முகம் குப்புற விழுந்தார். முன்பல் இரண்டும் போய், தாடைக்குக் கம்பி போடவேண்டியதாயிற்று. அதில் எனக்குச் சம்பந்தமே இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"வாயாலதான பேசுனாக, வாயிலயே குடுத்துருச்சு பாத்தீகளாண்ணே" என்றார் அன்னக்கிளி. "இது சத்தம் ஆகாத சாமி போல."

"இருக்கும்" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அந்த வாரமே வாய்மூடிக் கருப்பர் என்று பெயர் வந்துவிட்டது. மணியை அவர்களே அவிழ்த்தார்கள். மானகிரியிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்கள் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். கைக்குழந்தையின் வாயையும் பொத்தினார்கள். இருநூறு பேர் நிற்கிற இடத்தில் மூங்கில் இலை விழுகிற சத்தம் கேட்கும். அப்படி ஒரு அமைதியை ஜப்பானிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இரைச்சல் அடியோடு நின்றுவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

சிவபிரகாஷுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வாசலுக்கு வெளியே என்னை நிறுத்தி, "இது அமைதி இல்லண்ணே, எல்லாரும் பயந்துபோயி நிக்கிறாக" என்றார். இரண்டுக்கும் காதுக்கு என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் பயத்துக்கு ஆயுள் குறைவு. ஒருவர் தும்மினார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிள்ளை அழுதது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் மெதுவாகக் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். நான் அந்தச் சத்தத்தை நன்றாக அறிந்தவன், இன்று கிசுகிசு என்றால் நாளைக்குக் குலவைதான். ஆகவே பேசுகிறவர் யாரோ அவர் திரும்பிப்போகும் பாலத்தில் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டேன். ஒரு டீச்சருக்குக் கை முறிந்தது. புதுமாப்பிள்ளை ஒருவருக்குக் கணுக்கால். எலும்புதானே, கூடிவிடும். முத்தழகு என்ற பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வயதும் ஆகியிருந்தது. செருப்பை எங்கே விடுவது என்று சத்தமாகக் கேட்டுவிட்டார், பாவம்.

அதற்குப் பிறகு யாரும் தும்மக்கூட இல்லை.

சிவபிரகாஷ் என் வீட்டுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒரு மனுசன் செத்துருக்காருண்ணே. என் தோட்டத்துல. நாளைக்கு எல்லாரையும் வச்சுக்கிட்டு அந்தக் கல்லைக் கழுவிரப் போறேன். இது சாமி இல்ல, ஆத்துல கிடந்த கல்லு, நான்தான் லாரியில கொண்டாந்தேன்னு மைக்ல சொல்லப் போறேன். பேசுனா ஒண்ணும் ஆகாதுன்னு அவுகளே கண்ணால பாக்கட்டும்."

"வேண்டாம் தம்பி" என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். காதைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கு நல்ல டாக்டரா பாப்போம்ணே, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். பிறகு, "ஒங்க பழைய மைக் செட்டு கிடக்குமே, அதையே கொண்டாந்து வைக்கிறீகளா? வேற யாருகிட்டப் போயி கேக்க" என்றார்.

கேட்டது அவர்தான். நானாகப் போய் வலியக் கொடுக்கவில்லை.

அந்த மைக் ஒயரில் நான் என்ன செய்தேன் என்று உங்கள் இன்ஸ்பெக்டர் எழுதியிருப்பதில் திருத்தம் எதுவும் இல்லை. காலையில் கூட்டம் நிறைய. சிவபிரகாஷ் எல்லோரையும்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, அன்னக்கிளி அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்த ஈரப் பாசியில் நின்றார். கல்லைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். மைக்கைக் கையில் எடுத்து, "எல்லாருக்கும்" என்றார். வணக்கம் சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன்.

அவர் விழுந்தபோது ஒருவரும் கத்தவில்லை. அதைத்தான் அய்யா நான் சொல்ல விரும்புவது. முந்நூறு பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல நினைத்தவர்கள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ஓடினார்கள். வாசலில் நெரிசல், ஆனாலும் சத்தம் இல்லாத நெரிசல். அன்னக்கிளி மட்டும் என்னிடம் ஓடிவந்தார். கண்ணில் நீர் கொட்டியது. மெயின் சுவிட்ச் எங்கே என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் கட்டாயம் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

அதுதான் என் வாழ்க்கையில் நான் கேட்ட சுத்தமான அமைதி. சிவபிரகாஷ் ஆசைப்பட்ட தோட்டம் அன்றைக்குத்தான் முழுதாக அமைந்தது. அவர் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

நான்தான் செய்தேன். முத்தழகுவையும் நான்தான், சிவபிரகாஷையும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், கோர்ட்டில் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அந்தக் கல்லின் முன் நிற்கவைத்து, நடந்ததை என் வாயால் சொல்லச் சொல்லி வீடியோ எடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். எங்கெங்கே நின்றேன் என்று கையால் காட்டுகிறேன், எதை எதில் கோர்த்தேன் என்று செய்தும் காட்டுகிறேன். பேச மட்டும் சொல்லாதீர்கள். லாரியில் வந்த கல் அது, பொட்டு வைத்தவன் நான், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். நீங்களும் அங்கே வாய் திறந்து எதுவும் கேட்டுவிடாதீர்கள் அய்யா, பிள்ளைகுட்டிக்காரர் நீங்கள்.