துருக்கிப் புலிக்கு ஆள் தேவை

— அப்போ உங்களோட குஸ்தி போட்ட அந்தத் துருக்கிப் புலி இனிமே கிடைக்க மாட்டார்ங்கிறீங்களா, பலவேசம் அண்ணாச்சி?

— எப்படிக் கிடைப்பான்? கப்பலேறித் துருக்கிக்கே போயிட்டான்னு நேத்தே சொன்னேம்லா, செல்லப்பா தம்பி. ஏ மசூது, தோள்பட்டையை நல்லா அமுக்கும்வே. எண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு என்ன யோசனை?

— அமுக்கத்தான செய்யுதேன் அண்ணாச்சி. புலி, புலின்னு நீரு பேசப் பேச ஒடம்பு வெறைக்குதுல்லா.

— அண்ணாச்சி, 'பொதிகைச் சிங்கம்'னு டாக்குமெண்டரிக்குப் பேர் வச்சு மெட்ராஸ்லேருந்து கேமராவோட வந்திருக்கேன். நீங்க அருவியில நிக்கிறது, கோயில்ல கும்பிடுறது, ஒரு அண்டா கஞ்சி குடிக்கிறது எல்லாம் எடுத்தாச்சு. தென்காசி மைதானத்துல புலியைத் தலைக்கு மேல தூக்கி எறிஞ்சீங்களே, அது இல்லைன்னா ஜனங்க இதைக் கஞ்சிப் படம்னு நினைச்சுக்குவாங்க.

— அதுக்காகத் துருக்கிக்குத் தந்தியா அடிக்க முடியும்?

— வேண்டாம். இதோ, உங்களுக்கு எண்ணெய் தேய்க்கிற பாயையே புலியா நிறுத்திடலாம்.

— யா அல்லா! சார், எனக்குக் குஸ்தின்னா என்னன்னே தெரியாது. பிடிச்சு விட மட்டுந்தான் தெரியும்.

— கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க பாய். ம்... உடம்பு சரி. துருக்கிக் களைதான் இல்லை. ஒரு உறுமல் உறுமுங்க பார்ப்போம்.

— உர்ர்.

— இது பூனை. அண்ணாச்சி, அசல் புலி எப்படி உறுமுவார்?

— அவனா? அவன் உறுமுனா கொட்டகைக் கீத்தெல்லாம் ஆடும். இப்ப எதுக்கு அது? பாவம், மசூதுக்கு வராது.

— சார், எனக்குத் தாடி ஒட்டுவீயளா?

— ஒட்டலாமே.

— கண்ணு வரைக்கும் ஒட்டணும். மூக்கும் தெரியக் கூடாது.

— மூச்சு எப்படி விடுவீங்க?

— அது என் பாடு சார்.

— சரி, தாடி வண்டியில இருக்கு. எடுத்துட்டு வரேன்.

— ... போயிட்டானா, மசூது?

— போயிட்டாரு. அண்ணாச்சி, என்னைக் கொன்னுட்டீரே! இன்னும் ஆறு மாசத்துல மகளுக்கு நிக்காஹ். சம்பந்தி யாரு? பாவூர்சத்திரம் காய்கறிக் கடை மொகைதீன் ராவுத்தர். நான் புலியா நின்ன அன்னைக்கு என் மேல செருப்பைக் கழட்டி எறிஞ்ச மனுசன்!

— எறிஞ்சது அவருதானா?

— பின்ன? அந்தச் செருப்பை நான்லா கொண்டு போய்க் குடுத்தேன். 'ஒத்தச் செருப்போட பாவூர்சத்திரத்துக்கு நடக்காதீரும், வழியெல்லாம் முள்ளு கெடக்கு'ன்னு சொல்லிட்டு வந்தேன்.

— ஏவே! துருக்கிக்காரன் தமிழ்லயா பேசினீரு?

— பாவமா இருந்துச்சு. வாயில வந்துட்டு. நல்லவேளை, கோவத்துல அவரு கவனிக்கலை. எவ்வளவு பெரிய எடம் அண்ணாச்சி! அவராவே வந்து பொண்ணு கேட்டாரு. ஏன்னு எனக்கு இன்னமும் வெளங்கலை.

— அதான் தாடி ஒட்டுதான்லா. பொறவு என்ன பயம்?

— தாடி மூஞ்சியைத்தான மறைக்கும்? நீரு இடுப்பைத் தொட்டதும் நானே எம்பி, அந்தரத்துல ஒரு சுத்து சுத்தி விழுவேன்லா, அப்படி விழ ஒலகத்துல வேற எவன் இருக்கான்? கொட்டகையில படத்தைப் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு.

— அப்ப நீரு விழாதீரும்.

— பின்ன யாரு விழுவா?

— வாரான். வாயை மூடும்.

— இந்தாங்க பாய், தாடி. ரெண்டு பேரும் மண்ணுல இறங்குங்க. கேமரா ஓடுது! அண்ணாச்சி, இடுப்பைப் பிடிங்க... தூக்குங்க... ஐயோ! கட்! நீங்க ஏன் விழுந்தீங்க?

— எண்ணெய் வழுக்கிட்டு தம்பி.

— மறுபடியும் எடுப்போம். பிடிங்க... அண்ணாச்சி! அவர் உங்களைத் தொடவே இல்லையே!

— புலிக்காத்து பட்டுட்டு.

— இன்னொரு தடவை. கேமரா! என்னது, நீங்களே போய்ப் படுத்துக்கிறீங்க?

— பாயும் இல்ல, தலகாணியும் இல்ல, எனக்கு மட்டும் என்ன ஆசையா? எடுத்த வரைக்கும் போதும், விடும்.

— ஒருத்தன்கிட்டயும் தோக்காதவர்னு ஊரே சொல்லுது. உங்க படத்துலயே நீங்க தோக்கலாமா? சனம் சிரிக்குமே!

— சிரிக்கட்டும் தம்பி. நான் மண்ணைக் கவ்வுனா குத்தாலநாதர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. அத்தனை வருசமும் எனக்காக விழுந்த மனுசன். அவரு வீட்டுக் குமரோட கல்யாணம் என்னால நின்னா, நான் எந்த மூஞ்சியோட சந்நிதியில போய் நிப்பேன்?

— அண்ணாச்சி! வாயைத் தொறந்து எல்லாத்தையும் கொட்டிட்டீரே!

— ஆத்தாடி... கொட்டிட்டேனா?

— பதறாதீங்க பாய். தாடியை எடுங்க, மூச்சு முட்டுது உங்களுக்கு. நீங்கதான் புலின்னு எனக்கு நேத்தே தெரியும். அதனாலதான் உங்களை நிறுத்தினேன்.

— நேத்தேவா? யாரு சார் சொன்னது?

— பலவேசம் அண்ணாச்சியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பாவூர்சத்திரத்துல ஒரு ரசிகர் முன்னாடி கேமராவை வச்சேன். மொகைதீன் ராவுத்தர்னு பேரு. அண்ணாச்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. ஒரு செருப்பைப் பத்தியே பேசினார்.

— போச்சு! எல்லாம் போச்சு! என்ன சார் சொன்னாரு?

— 'மசூதுகிட்ட மட்டும் சொல்லிராதீரும், கூச்சப்படுவாரு'ன்னார். 'ஒரு துருக்கிக்காரனுக்குப் பாவூர்சத்திரத்து முள்ளு எப்படித் தெரியும்னு ஊர் ஊரா விசாரிச்சேன். ஆளைக் கண்டுபிடிச்ச பொறவுதான் பொண்ணு கேட்டுப் போனேன்'னார்.