பல் டாக்டரோட முழங்கை

...வலிக்கவே வலிக்காதுன்னாருங்க அந்த எலும்பு டாக்டர். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குமாம். யார்கிட்ட சொல்றாரு? இந்த நாற்காலியில வந்து உக்கார்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் அளந்துவிடுற அதே எறும்பு. வாயை நல்லாத் திறங்க. ம்... பேசாதீங்க, பஞ்சு விழுந்துடும்.

முழங்கையில தசைநாண் கெட்டுப்போச்சாம். பல்லு பிடுங்கிப் பிடுங்கி வந்த சீர். டீ கப்பைத் தூக்கினா உயிர் போகுது. கத்தியே வைக்க வேண்டாம், ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியில சரி பண்ணிடலாம்னாரு. அடேங்கப்பா, என்னா தாராள மனசு. ஜில்லுன்னு எதையோ தடவி, மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, திரையைப் பாருங்கன்னாரு. பாத்தா, கெட்டுப்போன டிவி மாதிரி ஒரே புள்ளி புள்ளியா... அதுக்குள்ள வெள்ளைக் கோடா ஊசி போகுது. போயி, கெட்ட இடமாப் பாத்துப் பாத்து, குத்து குத்துன்னு குத்துறாரு. ஏற்கெனவே கெட்டதை ஏங்க இன்னும் குத்துறீங்கன்னு கேட்டேன். புதுசா ரத்தம் வந்தாத்தான் உடம்பு தானாச் சரி பண்ணிக்குமாம். நல்ல நியாயம். கடைசியில ஒரு குட்டி பிளாஸ்திரி, தையல்கூட இல்லை. இதைக் காட்டி வீட்டுக்காரர்கிட்ட ஒரு வாய் காபி போடுங்கன்னு கேக்க முடியுமா?

சரி, அதோட விட்டாரா? அவர் சொல்ற வரைக்கும் கையை இறுக்கி எதையும் பிடிக்கக் கூடாதாம், பல்லைப் பிடுங்கவே கூடாதாம். மீறினா மொத்தமும் வீணாப் போயிடும், அப்புறம் கத்திதான்னு ஒரு மிரட்டல் வேற. அவருக்கென்ன, சொல்லிட்டாரு. பக்கத்து ரூம்ல என் நாத்தனார் இல்ல உக்காந்திருக்கா. அவளும் பல் டாக்டர்தான், நேத்து படிச்சு முடிச்சவ. நீங்க ரெஸ்ட் எடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்னா. பாத்துக்கிட்டா, ரொம்ப நல்லாவே பாத்துக்கிட்டா. என் கைராசியைத் தேடி வந்தவங்கல்லாம் இப்ப சின்ன டாக்டர் இருக்காங்களாங்கறாங்க. வயிறு எரியுதுங்க, மறைக்க என்ன இருக்கு? அதான் அவ கண்ணுல படாம உங்களை இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

ஆடாம இருங்க... நீங்க ஆடலையா? ஓ, என் கைதான். அது ஒண்ணும் இல்லைங்க, இடுக்கியை இடது கைக்கு மாத்திக்கறேன். இடது கையிலயும் பிடுங்குவேன்... இதுவரைக்கும் பிடுங்கினதில்லை, ஆனா பிடுங்குவேன்.

என்னங்க எழுந்துட்டீங்க? வாய் மரத்துக் கிடக்கு, இப்படியே வீட்டுக்குப் போகக் கூடாதுங்க. ஸார்... ஸார், வாசல் இந்தப் பக்கம். அது அவ ரூமு.