புயலுக்கு நான் வைத்த பெயர்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பசியாவரத்துப் பெரியவர் தருமலிங்கம் அவர்களே, ஏரியை நம்பி எழுந்து ஏரியை நம்பியே உறங்கும் உழைப்பாளித் தோழர்களே, வலப்புறம் வீற்றிருக்கும் வணக்கத்துக்குரிய தாய்மார்களே, பழவேற்காட்டிலிருந்து படகேறி வந்திருக்கும் என் பள்ளிவாசல் தெருச் சொந்தங்களே, இறால் வியாபாரி கௌஸ் மைதீன் தலை தாழ்ந்து நிற்கிறேன்.

தலை தாழ்ந்து என்றது அலங்காரத்துக்காக அல்ல. நினைவுக் கல்லைத் திறந்து வைக்க என்னை அழைத்தீர்கள். மாலை போட்டீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து ஏன் என்கிறாயா, வேலு? சொல்கிறேன் தம்பி, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புயலுக்குப் பெயர் வைப்பது எப்படி? நம் கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொண்டுபோனதோ, அதுவே புயலின் பெயர். பனை சாய்ந்தால் பனைப் புயல். ஆடுகள் மிதந்தால் ஆட்டுப் புயல். மனிதர் பெயரை நம் முன்னோர் ஒருநாளும் வைத்ததில்லை. படிக்காத அவர்களுக்கு அந்தப் பண்பு இருந்தது. படித்த எனக்கு இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், கார்த்திகையில் ஒரு காலை. படகுகள் புறப்படும் நேரம். இறால் கூடை சுமக்கும் தனக்கோடி அம்மாள் குறுக்கே வந்து கையை நீட்டி மறித்தார். "வாடைக் காத்து சரியில்ல, நண்டெல்லாம் மேட்டுக்கு ஏறுது. இன்னிக்கு போவாதீங்க நைனா" என்றார். கேட்டார்களா? கேட்கவில்லை. அன்றே புயல் அடித்தது; போனவர்களில் மூவர் திரும்பவில்லை. சம்பந்தம், மூர்த்தி, மூன்றாமவர் தனக்கோடியின் கணவர் ஏழுமலை.

"அவ வாய வச்சா, காத்து வந்துச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் என்ன செய்தேன்? டீக்கடையில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படித்தேன். அயல்நாடுகளில் புயல்களுக்குப் பெண்களின் பெயரைப் பட்டியல் போட்டு வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. "நம்ம புயலுக்கு இன்னா பேரு பாய்?" என்று ஒருவர் கேட்டார். நரம்பில்லாத என் நாக்கு "தனக்கோடி" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆமாம் தலைவர் ஐயா, நீங்களும் அங்கே இருந்தீர்கள். தலையைக் குனியாதீர்கள், சொன்னவன் நான்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தனக்கோடி அம்மாள் எதிரே வந்தால் வலையை இறக்கி வைத்தார்கள். ஏலத்தில் அவரைக் கூடை தொட விடவில்லை. போன தை மாதம் மகள் காந்தாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், வெற்றிலை மாற்றும் முன்பே எழுந்தார்கள். "புயலம்மா வூட்டுப் பொண்ணா? எங்க வூட்ல நாலு படகு கீது, வாணாம்" என்றாள் மாப்பிள்ளையின் தாய். தெருவில் நின்று என் காதால் கேட்டேன். ஒரு வார்த்தை பேசினேனா? இல்லை. வெட்கத்தோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

எச்சரித்தவருக்கு ஏச்சு, எகத்தாளம் பேசியவனுக்கு ஏற்றமா? தடுத்தவருக்குத் தண்டனை, தவறிழைத்தவனுக்கு மாலையா? பெயர் வைத்த அந்த நாடுகளிலேயே பெண்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். இப்போது ஆண்களின் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. இதையும் பத்திரிகையில்தான் படித்தேன். ஆனால் இதை மட்டும் உரக்கப் படிக்கவில்லை.

கல்லை மூடியிருக்கும் இந்தத் துணிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? காலையில் பார்த்தேன். "தனக்கோடி புயலில் மாண்டோர்" என்று வெட்டியிருக்கிறார்கள். கணவனைக் கொன்ற புயலுக்கு மனைவியின் பெயர். வெட்டியது கல்தச்சரின் உளி, சொல்லிக் கொடுத்தது என் வாய். இந்தத் துணியை நான் விலக்க மாட்டேன். முதலில் அந்த வரியைச் செதுக்கி எடுங்கள். பெயர் வேண்டுமென்றால் கௌஸ் மைதீன் புயல் என்று வெட்டுங்கள்.

தாய்மார் பக்கம் யார் எழுந்திருப்பது? தனக்கோடி அம்மாளா? அமைதி, அமைதி, அவர் பேசட்டும்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நானே ஒலிபெருக்கியில் சொல்கிறேன். "உன் பேரும் வாணாம் பாய். உன் வூட்லயும் கட்டிக் குடுக்க ஒரு பொண்ணு கீது" என்கிறார்.

அவர் சொன்னதே சரி. கல்லில் தேதியும் மூவர் பெயரும் போதும். பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. மேடையை விட்டு இறங்குகிறேன். என் வணக்கத்தை அந்தத் தாயின் எதிரே போய் நின்று சொல்ல வேண்டும்.