மிச்ச எட்டு மணி நேரம்

விரதம் இருந்தா உடம்பு இளைக்கும்னு எனக்கு முன்னாடி பேசின டாக்டர் ஐயா சொன்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. நான் மறுத்துப் பேசப் போறதில்ல... ஒரு குட்டிக் கதை மட்டும் சொல்லிக்கிறேன். கேப்பீங்களா?

கோவில்பட்டியில அருணகிரின்னு ஒருத்தர். மின்வாரியத்துல வேலை. எடை தொண்ணூத்தாறு கிலோ. அவரு தங்கச்சி செண்பகவல்லிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ரெண்டு வருஷமா டயாலிசிஸ். அண்ணன் கிட்னி பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்திருச்சு. ஆனா டாக்டரம்மா சொல்லிட்டாங்க: "எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க சார். மூணு மாசம் டைம். இந்த எடையில ஆபரேஷன் பண்ண மாட்டேன்."

"தங்கச்சிக்கு உயிரையே குடுப்பேன், எட்டு கிலோ குடுக்க மாட்டேனா?" அடடா... என்னா பாசம்! மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு. பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்கு வாயை மூடினா மறுநாள் பகல் பன்னண்டுக்குத்தான் திறப்பாரு. சாப்பிடத்தாங்க மூடினாரு... பேசுறதுக்கு மூடல! விடிஞ்சதும் வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ்: "பத்து மணி நேரம் முடிஞ்சது." ஆபீஸ்ல டீ வந்தா, "வேண்டாம்பா, நான் ஃபாஸ்டிங்." யாராவது கேட்டாங்களா? கேக்கல. அவரா சொன்னாரு.

பன்னண்டு அடிச்சா ஸ்கூட்டர் வீட்டுக்குப் பறக்கும். அவங்க வீட்டுப் பழக்கம், விரதம்னா வடை பாயசத்தோடதான் முடிக்கணும். எந்த விரதமா இருந்தா என்ன? அவரு சம்சாரம் கோமதி அண்ணி இலையைப் போட்டு, "பாவங்க நீங்க, பதினாறு மணி நேரமா வயித்தைக் காயப் போட்டிருக்கீங்க. இன்னொரு வடை வைக்கவா?" "வையி." நாலு மணிக்கு ஆபீஸ்ல, "சார் காலையில பச்சத் தண்ணியோட இருக்காரு, அவருக்கு ரெண்டு பஜ்ஜி கூட வைங்கப்பா." ராத்திரி ஏழே முக்காலுக்குப் பரோட்டா. ஏன் அந்த அவசரம்? எட்டு மணிக்கு வாய்க்கதவைச் சாத்தணும்ல!

மூணு மாசம் ஆச்சு. மிஷின்ல ஏறினாரு. எவ்வளவு? சொல்லுங்க பாப்போம்... தொண்ணூத்தெட்டு! டாக்டரம்மா மிஷினைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க. "குறைக்கச் சொன்னேன் சார்." அவரு சொல்றாரு, "மிஷின்ல ஏதோ கோளாறு மேடம்." ஆபரேஷன் தள்ளிப் போச்சு.

அண்ணனும் தங்கச்சியும் வீட்டுக்கு வந்தாங்க. மணி பன்னண்டு. இலை போட்டாச்சு. எதிர்ல செண்பகவல்லி, கையில ஒரு சின்ன பாட்டில். அண்ணி கேக்குறாங்க, "ஏத்தா, உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கே, ஒரு டம்ளர் மோராவது குடியேன்." அவ தலையை ஆட்டிட்டா. அரை லிட்டர்ங்க அந்த பாட்டில். கிட்னி போனவங்க தண்ணி கூடக் குடிச்சா உடம்பு தாங்காது; ஒரு நாளைக்கு அவளுக்கு அளந்து குடுத்த தண்ணி அவ்வளவுதான். கோவில்பட்டி வெயில்ல... ரெண்டு வருஷமா. ஒரு நாள் ஸ்டேட்டஸ் போட்டிருப்பாளா?

ரெண்டாவது வடையைப் பிட்ட அண்ணனைப் பாத்து மெதுவா சொன்னா: "அண்ணே, அந்தப் பதினாறு மணி நேரம் நீ பட்டினி கிடக்க வேண்டாம்ணே. மிச்சம் எட்டு மணி நேரம் இருக்குல்ல... அதுல எனக்காகக் கொஞ்சம் விரதம் இருக்கியா?"

...

அருணகிரி இலையை மூடிட்டாரு. பாயசம் அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு அவரு ஸ்டேட்டஸும் போடல.

ஐயா, அம்மா, உங்களைக் கேக்குறேன். அந்தப் பதினாறு மணி நேரத்துல பாதி நேரம் தூக்கம். தூங்கும்போது திங்காம இருந்ததுக்கு நமக்குப் பாராட்டு வேற வேணுமா? பட்டினி கிடந்த நேரத்தை எண்ணுறோம்... இலையில என்ன விழுதுன்னு பாக்குறோமா? நம்ம உடம்பு நல்லா இருக்கணும்னு யாரு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்கிறோமா?

சரி, கமிட்டிக்காரங்க சைகை காட்டுறாங்க. கூட்டம் முடிஞ்சதும் கீழ் ஹால்ல வடை பாயசத்தோட விருந்தாம்... எடை குறைப்பு விழாவுக்கு! போங்க, சாப்பிடுங்க. நான் தடுக்கல. மூணாவது வடை வைக்க வருவாங்க பாருங்க... அப்ப அந்த அரை லிட்டர் பாட்டிலை நினைச்சுக்கிட்டு இலையை மூடிருங்க.