கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

காருக்கு ஸ்டீரியோ போட வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் காதைப் பற்றியே ஒன்றும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் தொழில்முறையில் சொல்கிறேன்.

நேற்று நீங்கள் படித்துக்காட்டிய அறிக்கையில் ஒரு வார்த்தை தவறாக இருக்கிறது, சார். அதைத் திருத்தத்தான் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். என் அக்கா ரிவர்ஸ் எடுத்த காருக்கும் ஷெட்டின் பின்சுவருக்கும் நடுவில் சிக்கி என் அத்தான் இறந்துபோனார். காரில் ரிவர்ஸ் பீப் கேட்கவில்லை. இதுவரைக்கும் சரி. அதற்கடுத்து 'ஆம்ப் பொருத்தியவரின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் கடையில் முன்பக்கம் அத்தான், பின்பக்கம் நான். கடை அவருடையது. வருகிறவர்களிடம் பேசுவது அவர் வேலை. கதவையும் டாஷ்போர்டையும் பிரித்து ஒயர் இழுப்பது என் வேலை. அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் தெரியும். யார் ரிவர்ஸ் எடுத்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பின்னால் நிற்பார். "வா, வா, ஒடி, ஒடிங்கிறேன்ல, இன்னும் வா" என்பார். நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் டிக்கியின் மேல் ரெண்டு தட்டு. அந்த ரெண்டு தட்டில்தான் ஊரில் உள்ள கார்களெல்லாம் நிற்கின்றன என்று அவருக்கு நினைப்பு.

கம்பெனி போட்டுத் தரும் ஸ்டீரியோவைக் கழற்றாமல், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பும் அடிநாதத்தை அதிரவைக்கிற சப்வூபரும் சேர்ப்பது, ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இல்லை. அந்த ஸ்டீரியோவில் ஆம்புக்கென்று வழி வைத்திருக்க மாட்டார்கள். ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரிலிருந்தே பாட்டைப் பிரித்தெடுத்து, அதன் பலத்தைக் குறைத்து, ஆம்புக்குக் கொடுக்க வேண்டும். பேட்டரி ஒயர் ஒரு ஓரமாகவும் பாட்டு ஒயர் மறு ஓரமாகவும் போக வேண்டும். சேர்த்து இழுத்தால் இன்ஜின் உறுமல் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்தபின் ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு. வருகிற பாட்டுக்கு ஏற்றபடி ஆம்பைப் பழக்குகிற திருகு அது. கேட்டுக் கேட்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நிறுத்துவேன். அது வால்யூம் இல்லை. இதை அத்தானிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். சங்காவது பரவாயில்லை, ஊதினவனுக்காவது கேட்கும்.

நான் கை துடைத்துக்கொண்டு நகர்ந்ததும் அவர் வருவார். டிக்கிக்குள் தலையை விட்டு, கெயினைப் பிடித்துக் கடைசிவரை திருகுவார்.

"அடிவயிறு கலங்கணும் மாப்ள. இல்லேன்னா சப்வூபர் எதுக்கு?"

ஒருமுறை ஒரு வக்கீலின் காருக்கு வேலை செய்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூட டாஷ்போர்டின் நடுவிலிருந்து கேட்கும்படி அமைத்திருந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. அத்தான் வந்து திருகினார். நம்பர் பிளேட் கடகடவென்று ஆடியது. வக்கீல் முகம் மலர்ந்து, "இப்பதாங்க வேலை தெரிஞ்ச ஆள் கை வச்ச மாதிரி இருக்கு" என்றார். அத்தான் என் தோளில் கை போட்டு, "மாப்ளயும் நல்லாத்தான் பண்ணுவான். கொஞ்சம் சங்கீத வித்வான், அவ்வளவுதான்" என்றார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அதனால்தான் செய்தேன் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமானவன் இல்லை. அக்காவுக்காகத்தான் செய்தேன்.

வீட்டுக் காரை ஓட்டுவது அக்கா. சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது கடையில் அத்தானை ஏற்றிக்கொண்டு வருவாள். நான் அந்த வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். வாசலில் கார் நின்றதும் அத்தான் இறங்கிப்போய் ஷெட்டின் பின்சுவரை ஒட்டி நிற்பார். அக்கா பின்னோக்கி வருவாள். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஒடிடி. மாடுகூட சொன்னா கேக்கும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ரிவர்ஸ் எடுக்கிறவளுக்குக் கண் பிடரியில் இருந்தால் நல்லதுதானே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அக்கா திட்டு வாங்கி வாங்கித் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தால் அவர் முகம் தெரிகிறது என்று அதையும் பார்ப்பதில்லை. பீப்பை மட்டும் கேட்பாள். விட்டு விட்டு வந்தால் போகலாம். நெருக்கி வந்தால் மெதுவாக. ஒரே இழுப்பாக இழுத்தால் பிரேக். அந்தக் காரில் அவளிடம் மரியாதையாகப் பேசியது அது ஒன்றுதான். அத்தானோ, தான் தட்டுவதால்தான் கார் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "நம்ம காருக்கும் போடு மாப்ள. ரெண்டு சப்வூபர். கம்பெனி ஸ்டீரியோவ மட்டும் மாத்தாத, பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

நான் எந்தக் காரிலும் பின்பக்க ஸ்பீக்கர்களைத் துண்டித்துவிடுவேன். பாட்டு முன்னாலிருந்துதான் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவது நாகரிகமில்லை. ஆனால் அந்த மாடலில் ரிவர்ஸ் பீப்பும் பின் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். அதனால் அப்படிப்பட்ட காருக்கெல்லாம் அந்தப் பீப்பை அடிக்கப் பின் சீட்டுக்கு அடியில் தனியாகச் சின்ன பஸ்ஸர் ஒன்று வைத்துக்கொடுப்பேன். ஒரு காருக்கும் மறந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். அத்தான் காரிலும் பின் ஸ்பீக்கர்களைத் துண்டித்தேன், பஸ்ஸரும் எடுத்து வைத்தேன். ஒயர் நுனியைச் சீவிக்கூட வைத்தேன். பிறகு அதை என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கெயினை மட்டும் சரியான இடத்தில்தான் நிறுத்தினேன். இதைக் கட்டாயம் எழுத வேண்டும். அத்தான் வந்து திருகுவார் என்று தெரியும். திருகினார். அந்த அளவில் வைத்தால் டிக்கி மூடி தன்னைத் தானே தட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு மனிதர் தட்டுவது உள்ளே இருக்கிறவருக்கு எப்படிக் கேட்கும்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அத்தான் தன் கையால் கெட்டார். ஆக, பாதி வேலை அவருடையது.

வேலை முடித்துக் காரைக் கொடுத்த அன்றே சாயங்காலம் நான் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கார் வருவதற்கு முன்பே அதன் இடி வந்துவிட்டது. அத்தான் பாட்டை முழு வால்யூமில் விட்டுவிட்டு இறங்கினார். தெருவுக்குக் காட்ட வேண்டாமா. வழக்கம்போல் சுவரை ஒட்டி நின்று கையை ஆட்டினார். கார் வந்தது. ரெண்டு தட்டு தட்டினார். கார் இன்னும் வந்தது. அப்புறம் நிறையவே தட்டினார். பாட்டின் தாளம் ஒரு பக்கமும் அவர் தட்டுவது ஒரு பக்கமுமாக விழுந்தது. அவருக்கு எப்போதுமே தாளம் நிற்காது.

நான் குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சத்தத்தில் கொடுத்தாலும் கேட்டிருக்காது. அதனால் கொடுக்கவில்லை. துணிகளை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அக்கா அதற்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். உறவுக்காரர்களெல்லாம் போனபின், சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருந்தது.

"பீப் வரலடா. வரும் வரும்னு நானும் வந்துக்கிட்டே இருந்தேன். நீ ஏதாவது ஒயர மாத்திக் குடுத்துட்டியா? மறந்துட்டியா? அப்படின்னு சொல்லிடேன்டா. நான் உன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லேன்னா என் காலாலயே அவர..." என்றவள் முடிக்கவில்லை.

ஆமாம் அக்கா, மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்று அவள் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள். எனக்கு அது புரியாமல் இல்லை. அவளுக்காகவே எல்லாம் செய்தவன் நான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு வேலைக்காரன் தன் வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

"நான் எதையும் மறக்கமாட்டேன்க்கா," என்றேன். "என் வேலையில கோளாறே கிடையாது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாடிப்படிக் கதவையும் உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொள்கிறாள். சின்ன வயதிலிருந்தே அக்கா பயந்த சுபாவம். கொஞ்ச நாள் போனால் எனக்கு நன்றி சொல்லுவாள்.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் அந்த வார்த்தையைப் போட்டீர்கள் என்பது தெரியும். "கவனக்குறைவுன்னா சீக்கிரம் வெளிய வந்துடலாம்ப்பா. வாய மூடிக்கிட்டு கையெழுத்தப் போடு" என்று நேற்றுச் சொன்னீர்கள். அந்தப் பரிவை மறக்கமாட்டேன். ஆனால் வெளியே வந்து நான் என்ன செய்வது? மற்ற கடைக்காரர்களெல்லாம் இதைப் படிப்பார்கள். ரிவர்ஸ் பீப் எந்த ஒயரில் வருகிறது என்றுகூடத் தெரியாதவனா இவன் என்று டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'தெரிந்தே, திட்டமிட்டு' என்று எழுதுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கார் உங்கள் வளாகத்தில் வெயிலில் நிற்கிறது. வந்தபோது பார்த்தேன். டிக்கிக்குள் அவ்வளவு சூடு ஏறினால் சப்வூபருக்கு ஆகாது. மரத்தடிக்கு மாற்றச் சொல்லுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார். கவனக்குறைவு எனக்குப் பிடிக்காது.