வலது கைக்கு மட்டும் ஏன் ஒறை இல்ல?

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க! ரெண்டும் என் கைதானே? ஒரே ஒடம்புல மொளைச்சதுதானே? அதுல எடதுக்கு ஒரு நியாயம், வலதுக்கு ஒரு நியாயமா? தலைய ஆட்டாதீங்க சார், ஷேவிங் நடந்துக்கிட்டிருக்கு.

எட்டு வருசமா கரப்பான் சார் எனக்கு. டாக்டருங்க எக்ஸிமாங்கிறாங்க. பேர மாத்தினா அரிப்பு கொறையுமா? ரெண்டு முழங்கை மடிப்புலயும்... நெளியாதீங்க, ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது, டாக்டரே சொன்னாரு. ஆனா இந்த நாற்காலியில உக்கார்றவங்க என் மொகத்தையா பாக்குறாங்க? கையத்தான் பாக்குறாங்க! போன வருசம் ஒருத்தரு, தலையில தண்ணி தெளிச்சதுக்கப்புறம், "அவசர வேலை"ன்னுட்டு ஈரத் தலையோட எதிர்க்கடைக்குப் போயி உக்காந்தாரு சார். என் கண்ணு முன்னாடி!

அதனாலதான், ஆஸ்பத்திரியில களிம்பு சோதனைக்கு ஆள் எடுக்கிறாங்கன்னதும் ஓடினேன். என்ன சோதனைன்னா... மூஞ்ச இப்படித் திருப்புங்க... ஒரே களிம்ப ரெண்டு கையிலயும் தடவுவாங்க. எடது கைய மட்டும் மெல்லிசா ஒரு ஒறை ஒட்டி மூடிருவாங்க. வலது தொறந்தே கெடக்கும். மூடி வச்சா மருந்து நல்லா எறங்குதான்னு பாக்கணுமாம். மூணு நாளைக்கு ஒருக்கா நர்சம்மாவே பிரிச்சுத் தடவி, மறுபடி ஒட்டும். நனைக்காதே, சொறியாதே, நோண்டாதே... அப்பப்பா! சலூன்காரன் நனையாம எப்படிம்மா பொழைக்கிறதுன்னேன். "முழங்கையாலயா ஷேவ் பண்றீங்க?"ங்குது.

ரெண்டாவது வாரம் சார், எடது கை கொழந்தை கன்னம் மாதிரி ஆயிருச்சு! அரிப்பே இல்ல. வலது? அது பாட்டுக்கு வறட்டு வறட்டுன்னு, செதில் செதிலா... மனசு கேக்கல சார். மிச்சச் சாப்பாட்ட மூடி வைக்க வீட்ல பிளாஸ்டிக் ரோல் இருக்குமே, அதுல கொஞ்சம் கிழிச்சு... கொஞ்சந்தான் சார்... நாலு சுத்து. தெனமும். ஆஸ்பத்திரி போற அன்னிக்குக் கழட்டிருவேன்.

கடைசி நாள் டாக்டரு ரெண்டு கையையும் பாக்குறாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாக்குறாரு. ரெண்டும் பளபளன்னு! "அப்ப மூடினாலும் மூடாட்டியும் ஒண்ணுதானா?"ன்னு எழுதப் போறாரு. நானும் ஆமாங்க ஆமாங்கன்னேன். கூட வந்த எம் பொண்டாட்டி வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? "வலது கைக்கும் நீங்களே ஒறை குடுத்துருங்க டாக்டர், என் சமையக்கட்டுல மூணு ரோல் காலி"ன்னுட்டா!

பேர அடிச்சுட்டாங்க சார். "உங்களை நம்பி இந்தக் கணக்க எழுதியிருந்தா, எத்தனை பேருக்குத் தப்பான வைத்தியம் போயிருக்கும்?"னு கேட்டாரு. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாக் கேட்டாரு சார். தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

இப்ப களிம்பும் இல்ல, ஒறையும் இல்ல. ரெண்டு கையும் போட்டி போட்டுக்கிட்டு அரிக்குது. ஒரு நிமிசம் சார், இந்தக் கத்தியக் கொஞ்சம் புடிங்க, லேசா சொறிஞ்சுக்கிறேன்... ஸ்ஸ்... ஆஹா... அம்மாடி...

சார்? சார்! எங்க எந்திரிச்சுட்டீங்க? மீசையில பாதிதான் சார் எடுத்திருக்கு! கழுத்துத் துணியையாவது அவுத்துட்டுப் போங்க சார்! ஐயோ, ஓடாதீங்க... உங்க கையில என் கத்தி இருக்கு சார், தெருவே பயந்து ஓடுது பாருங்க!